நினைவு நாணயத்தை அடையாளம் கண்டு விலை கணிப்பது எப்படி?

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த நாணயம், எந்த ஆண்டு வந்தது, எந்த நாணயச்சாலையில் அடித்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் விலை கேட்டால், எதிரே இருப்பவர் சொல்வதுதான் விலை. நான்கும் தெரிந்துவிட்டால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்களை வைத்து இதைச் சொல்கிறேன். சோழர் காசு, கம்பெனிக் காசு எல்லாம் வேறு பாடம். தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சின்ன காந்தம், கிராமில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் டிஜிட்டல் தராசு. உருப்பெருக்கி இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

முதலில், அது நினைவு நாணயம்தானா?

வழக்கமான நாணயத்தில் ஒரு பக்கம் அசோகரின் சிங்க முத்திரை, மறுபக்கம் மதிப்பும் ஆண்டும் இருக்கும். நினைவு நாணயத்தில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரு தலைவர், ஒரு நிகழ்ச்சி, ஒரு நிறுவனம் அல்லது ஒரு கட்டடம் எடுத்துக்கொள்ளும். எதற்காக வெளியிட்டார்கள் என்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓரமாக எழுதியிருக்கும். அந்த எழுத்துதான் முக்கியமான சாட்சி. படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறிப் போகும்.

ஏனென்றால் படம் இருக்கும் நாணயமெல்லாம் நினைவு நாணயம் அல்ல. காண்டாமிருகம் போட்ட 25 காசை நிறையப் பேர் அரிய காசு என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது பல ஆண்டுகள் அடித்த சாதாரணக் காசு. 2007 முதல் வந்த, நாட்டியத்தில் விரல்களால் காட்டும் முத்திரை போட்ட எஃகு நாணயங்களும் வழக்கமான வரிசைதான். குறுக்கே இரண்டு கோடுகள் வெட்டிச் செல்லும் 2 ரூபாயைச் சிலுவை என்று சொல்லி ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. அது வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்டும் வழக்கமான வடிவமைப்பு.

தாமரை போட்ட பித்தளை 20 காசு இன்னும் குழப்பும். வெறும் தாமரை என்றால் சாதாரண வெளியீடு. தாமரையோடு சூரியனும் 'அனைவருக்கும் உணவு' என்ற பொருளில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாசகமும் இருந்தால், அது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பை ஒட்டி 1970, 1971இல் வந்த நினைவு நாணயம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். சரி, இரண்டில் எதிலும் தங்கம் கிடையாது. ஊரில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டு ஆண்டுகள் போட்டிருந்தால்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. காந்தி உருவம் போட்ட ஒரு ரூபாயில் 1869-1948 என்று இருக்கும். "என்னிடம் 1869ஆம் ஆண்டுக் காசு இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தது" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். அது காந்தி பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும். நாணயம் வந்தது அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1969இல். அந்த வரிசையில் 20 காசு, 50 காசு, 1 ரூபாய், வெள்ளியில் 10 ரூபாய் என நான்கு மதிப்புகள் உண்டு.

இந்திரா காந்தி நாணயத்தில் 1917-1984 என்று இருக்கும், வந்தது 1985இல். ரிசர்வ் வங்கியின் பவள விழா நாணயத்தில் 1935-2010 என்று இருக்கும், அங்கே முதல் எண் வங்கி தொடங்கிய ஆண்டு. ஆகவே கோடு போட்டு இரண்டு ஆண்டுகள் இருந்தால், அவை நினைவுகூரப்படுபவரின் ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டு, வெளியான ஆண்டைத் தனியே தேடுங்கள். சுதந்திர இந்தியாவின் நினைவு நாணய வரலாறே 1964இல், நேரு மறைந்த ஆண்டில், அவர் உருவம் போட்ட 50 காசு, 1 ரூபாய் நாணயங்களோடுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டைச் சொல்லி யாராவது இந்தியக் குடியரசின் நினைவு நாணயம் என்று விற்க வந்தால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

அந்த நேரு 50 காசிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயர் இந்தியில் இருப்பது ஒரு வகை, ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு வகை. சேகரிப்பாளர்கள் இரண்டையும் தனித்தனி நாணயமாகவே வைப்பார்கள்.

ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறி

இந்தியாவில் நாணயம் அடிக்கும் இடங்கள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா. எங்கே அடித்தது என்பதைப் பெரும்பாலும் ஆண்டுக்கு அடியில் இருக்கும் குறி சொல்லிவிடும். வைரம் போன்ற சாய்சதுரம் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஐதராபாத். பழைய ஐதராபாத் காசுகளில் நடுவில் பிளந்த சாய்சதுரம், நடுவில் புள்ளி வைத்த சாய்சதுரம் போன்ற குறிகளும் உண்டு. உருண்டைப் புள்ளி நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. சேகரிப்பாளர்களுக்கென்று கண்ணாடிபோல் பளபளப்பாக அடிக்கும் ப்ரூஃப் நாணயங்களில், மும்பையைக் குறிக்க ஆங்கில 'பி' அல்லது 'எம்' எழுத்து இருக்கும். பழையவற்றில் 'பி', பிந்தியவற்றில் 'எம்'.

இந்தக் குறிக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரே நினைவு நாணயத்தை ஒரு நாணயச்சாலை கோடிக்கணக்கிலும் இன்னொரு நாணயச்சாலை மிகக் குறைவாகவும் அடித்திருக்கலாம். உருவத்தில் வேறுபாடே தெரியாது, விலையில் பல மடங்கு வேறுபாடு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தேய்ந்த காசில் குறி அழிந்துபோய் கொல்கத்தா மாதிரித் தோன்றும். அந்த இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொல்கத்தா நாணயம் அரிது என்று சொல்லி, குறியைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். சுரண்டிய இடம் சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறத்தில் மாறித் தெரியும்.

காந்தமும் தராசும்

காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, மலிவானது என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அப்படி இல்லை. நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். 1964 நேரு ஒரு ரூபாயும் 1969 காந்தி ஒரு ரூபாயும் நிக்கல் நாணயங்கள், பத்து கிராம் எடை. அவை காந்தத்தில் ஒட்டினால் சந்தோஷப்படுங்கள், ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த கலவை ஒட்டாது. பதினொரு பக்கம் கொண்ட பழைய 2 ரூபாய் அந்த வகை. துருப்பிடிக்காத எஃகில் வந்த பிற்கால நாணயங்கள் ஒட்டும். வெள்ளி ஒட்டவே ஒட்டாது. ஆகவே 'வெள்ளி நாணயம்' என்று தந்தது காந்தத்தில் துள்ளினால் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே வடிவமைப்பு இரண்டு உலோகத்தில் வந்ததும் உண்டு. தண்டி யாத்திரையின் 75ஆம் ஆண்டுக்காக 2005இல் வந்த 5 ரூபாய், செம்பு-நிக்கல் கலவையிலும் எஃகிலும் இருக்கிறது. கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், காந்தம் ஒரு நொடியில் பிரித்துவிடும்.

எடையை எதனோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் மத்திய நிதி அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கை வெளியிடும். உலோகம், விட்டம், எடை, விளிம்பில் எத்தனை வரிகள், இரு பக்கமும் என்ன எழுதியிருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டால்: 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, விளிம்பில் 200 வரிகள், பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். கையில் இருப்பது இந்தக் கணக்கில் இல்லையென்றால் அது அரசு அடித்தது இல்லை. அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நாணயங்களுக்கு நியூமிஸ்டா என்ற இணையப் பட்டியல் உதவும். படம், எடை, விட்டம், ஆண்டுவாரியாகச் சாலைக் குறி எல்லாம் அங்கே இருக்கும்.

நிலைதான் பாதி விலை

ஒரே நாணயம், ஒரே ஆண்டு, ஒரே சாலை. ஒன்று முகமதிப்புக்கு மேல் பெரிதாகப் போகாது, இன்னொன்று நல்ல விலைக்குப் போகும். காரணம் நிலை. சந்தையில் பேசும் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புழக்கத்துக்கே போகாமல், அடித்தபோது இருந்த பளபளப்பு மாறாமல் இருப்பதை யுஎன்சி என்பார்கள். லேசாகக் கைபட்டது எக்ஸ்எஃப், அதற்கும் கீழே விஎஃப், அதற்கும் கீழே எஃப். தேய்மானம் முதலில் உருவத்தின் மேடான இடங்களில் தெரியும். தலைமுடி, புருவம், காது, மீசை, கண்ணாடியின் சட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே கோடுகள் தெளிவாக இருந்தால் நல்ல நிலை.

இங்கே ஒரு வேண்டுகோள், இதை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்: கழுவாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பது, பீதாம்பரி போடுவது, பற்பசையும் பழைய பிரஷும் வைத்து விளக்குவது எல்லாம் நாணயத்தின் மேற்பரப்பை உரித்துவிடும். குத்துவிளக்கு மாதிரி மின்னும், ஆனால் பழகிய சேகரிப்பாளர் ஒருவர் பார்த்த உடனேயே 'விளக்கியது' என்று திருப்பித் தந்துவிடுவார். வெள்ளி நாணயத்தில் காலத்தால் படியும் கருமையும் நீலமும் இயல்பானவை. அவற்றை விரும்பி வாங்குபவர்களே உண்டு. மண் ஒட்டியிருந்தால் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஓட்டை போட்டுச் சங்கிலியில் கோத்தது, பற்றவைத்து வளையம் மாட்டியது போன்ற காசுகளை உலோக விலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பச்சை படியவைக்கும். நாணயக் கடைகளில் அட்டைச் சட்டத்துக்குள் மெல்லிய தாள் வைத்த ஹோல்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவை போதும்.

புழக்கத்துக்கு வந்ததா, சேகரிப்புக்கு மட்டுமா?

1, 2, 5, 10 ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை வங்கி வழியாகச் சந்தைக்கு வந்தவை. 2012இல் வந்த நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு 10 ரூபாய், 2003இல் வந்த ரயில்வேயின் 150 ஆண்டு 2 ரூபாய், 2022 ஜூனில் வந்த சுதந்திர அமுதப் பெருவிழாச் சின்னம் போட்ட வரிசை எல்லாம் இந்த வகை. 75, 100, 125, 150, 1000 ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்காக அடித்தவை அல்ல. நாணயச்சாலைகளே பெட்டியில் வைத்து, முகமதிப்பை விட அதிக விலைக்கு இணையத்தில் விற்கின்றன. அவற்றை வாங்கினால் பெட்டியையும் சான்று அட்டையையும் தூக்கி எறியாதீர்கள். பெட்டி இல்லாத ப்ரூஃப் நாணயத்தின் விலை இறங்கிவிடும். வாங்கிய விலை அப்படியே திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடும் வாங்காதீர்கள்.

இப்போது விலைக்கு வருவோம்

முதலில் உலோக மதிப்பு. வெள்ளி இல்லாத நாணயத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம். வெள்ளி இருந்தால், எடையைத் தூய்மையால் பெருக்குங்கள். 1969 காந்தி 10 ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம் தூய வெள்ளி. கணக்குக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1200 ரூபாய். அன்றைய வெள்ளி விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கலைஞர் நாணயத்தில் 17.5 கிராம் வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்காக 2010இல் வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம், 80 சதவீதம், ஆக 28 கிராம். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்காக 1972இல் வந்த 10 ரூபாய், காந்தி நாணயத்தை விடப் பெரியது, கனமானது, ஆனால் வெள்ளி பாதிதான் என்பதால் உள்ளிருக்கும் வெள்ளி காந்தி நாணயத்தை விடச் சற்றுக் குறைவு. பருமனைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாணயத்தை உருக்குவது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கணக்கு, இதற்குக் கீழே விலை பேசினால் விற்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

அடுத்தது சேகரிப்பாளர் தரும் விலை. இதற்கு ஒரே நம்பகமான வழி, அதே நாணயம், அதே சாலை, ஏறக்குறைய அதே நிலையில் உண்மையாக எவ்வளவுக்கு விற்றது என்று பார்ப்பது. இணைய அங்காடியில் ஒருவர் இரண்டு லட்சம் என்று போட்டு வைத்திருப்பது அவர் ஆசை. யாரும் வாங்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன, அதைப் பாருங்கள். ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதற்கும் குறைவாகத்தான் கேட்பார். அவருக்கு வாடகை இருக்கிறது, விற்கும்வரை பணம் முடங்குகிறது. அது நியாயம்தான்.

உண்மையைச் சொன்னால், புழங்கித் தேய்ந்த 2 ரூபாய், 5 ரூபாய், 10 ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை முகமதிப்பு அல்லது அதற்குச் சற்று மேல்தான். மாதா வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 2012ஆம் ஆண்டு 5 ரூபாயும் 10 ரூபாயும் லட்சக்கணக்கில் போகும் என்று காணொளிகள் சொல்கின்றன. போகாது. ஏராளமாக அடித்த நாணயங்கள் அவை. கடவுள் படம் இருப்பதால் விலை கூடுவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் அடித்ததாகச் சொல்லும் ராமர், அனுமன் காசுகள் இன்னும் மோசம். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை, எல்லாம் பிற்காலத்தில் செய்த போலிகள்.

பணம் கேட்டால் ஓடிவிடுங்கள்

உங்கள் காசைப் பெரிய விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி, அதற்கு முன் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஏதாவது ஒன்றைக் கட்டச் சொன்னால் அது மோசடி. வாங்குபவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்கு அல்ல. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கி எச்சரித்தது. பழைய காசு வாங்குவது, விற்பது எதிலும் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் தரவும் இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று வருபவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். முதியவர்களின் சேமிப்பு இதில் போகிறது என்பதால் வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: 10 ரூபாய் நாணயத்தின் படம் மாறியிருப்பதைக் காட்டிச் செல்லாது என்று கடையில் மறுத்தால் நம்ப வேண்டாம். அன்றுவரை வந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக்கிவிட்டது. அவற்றில் பல நினைவு நாணயங்கள்தான். செல்லாது என்று யாராவது குறைத்து வாங்கினால், லாபம் அவருக்கு.

எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தால் அலுத்துவிடும். ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மிக அருகில் இருப்பது தமிழ்நாடு தொடர்பான வரிசை. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. 2 ரூபாய் எளிதில் கிடைக்கும், 5 ரூபாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய். அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது, உருப்பெருக்கியில் ஒருமுறை பாருங்கள். 2010இல் சி. சுப்பிரமணியம், அதே ஆண்டில் பெரிய கோயில் 5 ரூபாய். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் எம்.ஜி.ஆருக்கும் நூற்றாண்டு நாணயங்கள் உண்டு. கலைஞர் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்றே பொறித்திருக்கிறது. இவற்றில் புழக்கத்துக்கு வந்தவற்றைப் பெரிய செலவில்லாமல் நல்ல நிலையில் சேர்த்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் நேரில் காட்டுவதுதான் நல்லது. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகளில் பல ஆண்டுகள் பழகியவர்கள் இருக்கிறார்கள். நாணயக் கண்காட்சிகளில் நான்கு மேசைகளில் ஒரே நாணயத்தைக் காட்டி விலை கேளுங்கள். "இதை என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்பதோடு "இதே மாதிரி கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். இரண்டு விடைக்கும் நடுவில்தான் உங்கள் நாணயத்தின் விலை இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, கண் பழக அங்கேயும் போய்வரலாம்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: பெயர், மதிப்பு, வெளியான ஆண்டு, சாலைக் குறி, எடை, நிலை, யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது. இரு பக்கமும் நேர் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டி வந்தால் இந்த நோட்டைத்தான் வாங்குபவர் முதலில் கேட்பார்.